ஏந்திய கையும் இயந்திர இசையும்

ஏ. ஆர். ரஹ்மான் அவர்களின் இசையின் மீது தமிழகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கு நிலுவையில் இருந்து வருகிறது. ‘அது இயந்திரத்தில் பிறந்த இசை, அதில் உயிர் இல்லை’ என்பது வழக்கைத் தொடுத்தவர்களின் வாதம். ‘இத்தனை கோடி மக்கள் கேட்டு உருகுகின்றார்களே, உயிரில்லாத ஒன்றைக் கேட்டா உருகுகின்றார்கள்?’ என்பது மறுத்தவர்களின் வாதம். முன்னவர் கருவியைக் காட்டுகின்றனர். பின்னவர் கூட்டத்தைக் காட்டுகின்றனர். கருவியைக் கொண்டும் கூட்டத்தைக் கொண்டும் ஒரு கலையை அளந்துவிட முடியுமா? பாட்டைக் கேட்டல்லவா தீர்ப்புக் கூற வேண்டும்!

இவ்வழக்கில் இதுவரை சரியாக விசாரிக்கப்படாத சாட்சி ஒன்று உண்டு. அது ரஹ்மானின் சொந்தக் குரல். அவர் பிறரைப் பாட வைத்த பாடல்களைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அவர் தாமே பாடிப் பதிவு செய்த பாடல்களோ, இசையமைப்பாளர் ஆசைக்குப் பாடியவை என்ற அளவிலே ஒதுக்கப்பட்டுவிட்டன. அந்தக் குரலை இங்கே சாட்சிக் கூண்டில் ஏற்ற விரும்புகிறோம். பாட்டெழுதுவோர் வேறாயினும் மெட்டும், ஒலியமைப்பும், பதிவும், குரலும் ஒருவருடையனவாகவே அமைந்த பாடல்கள் அவை. ஆகவே அவரை முழுமையாகக் காண அவையே தக்க இடம்.

இசை கூடுமா, கூடாதா என்பது மார்க்க அறிஞர்கள் பேசும் பொருள். அதில் நாம் தலையிட வரவில்லை. நம் வீடுகளில் இந்தப் பாடல்கள் ஒலிக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் பாடுகின்றனர். ஒலிப்பதன் தரம் என்ன என்று ஆராய்வது இலக்கிய இதழின் கடமையாகும்.

இயந்திரமும் கையும்

சென்னையின் மேற்கே வாழ்வோர்க்கு இயந்திரம் அந்நியமான பொருளன்று. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964இல் தொழிற்பேட்டை எழுந்தது. 1965இல் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் பின்னர் இந்தப் பகுதியில் வளர்ந்த தலைமுறைகள், பள்ளிவாசலின் பாங்கொலியோடு லேத்துப் பட்டறையின் இரைச்சலையும் கேட்டு வளர்ந்தவையாம். பூந்தமல்லிச் சாலையில் இன்றும் ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே லேத்தில் ஒருவர் கடைந்த உருளை பொருந்துகிறது. மற்றொருவர் கடைந்தது பொருந்தாமல் திரும்பி வருகிறது. இயந்திரம் ஒன்றுதான். அளவைக் கண்ணால் பார்க்குமுன்னே விரலால் உணர்ந்தவர் யார் என்பதில் இருக்கிறது வேறுபாடு. ‘இயந்திரம் செய்தது, ஆகையால் உயிரில்லை’ என்ற வாதம் அம்பத்தூரில் செல்லாது. யார் கை, எதற்காக இயக்கியது என்பதுதான் இங்கே கேள்வி.

ரஹ்மானின் கையை இயந்திரத்தின் பக்கம் கொண்டு சேர்த்தது ஆடம்பர ஆசையன்று, குடும்பத்தின் தேவை. தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசைப்பணி புரிந்தவர். 1976இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச் சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீடு நடந்தது. விளையாட்டுப் பொருளை வைத்திருக்க வேண்டிய வயதில், அடுப்பெரிய உதவும் கருவியாக மின்னிசைப் பலகையைக் கண்டவர் அவர். இளமையிலேயே பிற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்தார். விளம்பரப் படங்களுக்குச் சில விநாடி இசைகளை அமைத்தார். அரை நிமிடத்தில் ஒன்றைச் சொல்லி முடிக்கும் சிக்கனம் அங்கே கைவந்தது.

1989ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு வகையில் குறிப்பிடத்தக்கது. கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அதே ஆண்டில் ‘தீன் இசை மாலை’ என்ற தமிழ் இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு இசையமைத்தார். 1991இல் மால்குடி சுபா பாடிய ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கிலத் தொகுப்பு வந்தது. அது அப்போது விலைபோகவில்லை. ‘ரோஜா’ வந்தது 1992இல். ஆக, உலகம் ரஹ்மானை அறிந்தது திரைப்படத்தால் எனினும், அவருடைய பதிவு வாழ்வு தொடங்கியது நம் வீட்டுத் திண்ணையில். இந்த உண்மையை நம்மவரே மறந்துவிட்டனர். அவரும் மறந்தாரா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

‘ரோஜா’ ஒலிநாடாவில் மக்கள் கேட்ட புதுமை எது? மெட்டு மட்டுமன்று. அதுவரை பெரிய கூடத்தில் வயலின்காரர்கள் பலர் ஒருங்கே அமர்ந்து, பாடகரும் உடன் நின்று, ஒரே மூச்சில் பதிவாவது திரையிசையின் பொது வழக்கம். ரஹ்மான் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பதிந்து, பின்னர் அடுக்கினார். தாளத்தை நினைவில் வைத்து மீட்டும் சீக்வென்சரும், எந்த ஒலியையும் நறுக்கி வைத்து வேண்டியபோது ஒலிக்கச் செய்யும் சாம்ப்ளரும் அவருக்குத் துணை நின்றன. மறைந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் எச். ஸ்ரீதர் அந்த அடுக்குகளைத் தெளிவுபடுத்தித் தந்தார். பாடகர்களை நள்ளிரவில் அழைத்து, பலவிதமாகப் பாடச் செய்து, தேர்ந்தெடுப்பதும் ரஹ்மானின் முறையானது. கூட்டு வாசிப்பில் கிடைக்கும் உடனடிக் கலகலப்பு இதில் குறைந்தது உண்மை. அதை இழப்பென்று கருதிய முதியோரின் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும், ஒரு பாடகியின் மூச்சு உள்ளிழுக்கப்படும் ஓசை கூடக் காதருகே கேட்கும் நெருக்கம் அதனாலேயே கிடைத்தது. இயந்திரம் மனிதனை மறைக்கவில்லை; அவன் மூச்சைப் பெரிதாக்கிக் காட்டியது.

ஐயமிருப்போர் 1993இல் வந்த ‘திருடா திருடா’ படத்தின் ‘ராசாத்தி’ பாடலைக் கேட்கட்டும். இயந்திர இசையமைப்பாளர் என்று அவரைப் பழித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, கருவிகளை அறவே ஒதுக்கி, மனிதக் குரல்களைக் கொண்டே அவர் அமைத்த பாடல் அது. நடுவில் நின்று பாடியவர் ஷாகுல் ஹமீது. கிராமத்து மண்ணும் பள்ளிவாசல் முற்றமும் கலந்த குரல் அது. ஒலிநாடா உறைகளில் வாத்தியம் இசைத்தோரின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கியதும் இதே ரஹ்மான்தான். கையை மதிக்காதவர் செய்யும் செயலா இது?

கேட்கும் குரல்

இனிச் சாட்சியிடம் வருவோம். ரஹ்மானின் குரல் இலக்கண அழகுடைய குரலன்று. பாலசுப்பிரமணியத்தின் இழைவோ, யேசுதாசின் ஆழமோ அதில் இல்லை. சற்றே மூக்கொலி சார்ந்தது. மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது தொண்டை இறுகுவது தெரியும். அப்படியிருந்தும், அவர் மெட்டமைத்த பாடல்களில் சிலவற்றை வேறொருவர் பாடினால் பொருள் மாறிவிடும் என்று நமக்குத் தோன்றுவது ஏன்?

நம் இலக்கியத்தில் ‘முனாஜாத்து’ என்றொரு வகை உண்டு. படைத்தவனிடம் அடியான் தன் குறையைச் சொல்லி இறைஞ்சும் பாட்டு அது. புராணம் பாடுபவர் சபையை நோக்கிப் பாடுகிறார். முனாஜாத்துப் பாடுபவர் சபைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவருக்குக் குரல் வளம் வேண்டியதில்லை, தேவை வேண்டும். ரஹ்மானின் சொந்தக் குரலில் வந்த சிறந்த பாடல்கள் எல்லாம், பொருளால் எதுவாயினும், தொனியால் முனாஜாத்துகள் என்பது நம் கருத்து. 

நாகூர் இ. எம். ஹனீபா அவர்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெருமகனாரின் வெண்கலக் குரல், நம் திருமண வீடுகளின் குழாய் ஒலிபெருக்கியில் முழங்கியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. இறைவனிடம் கையேந்துமாறு ஊரையே அழைத்த குரல் அது. அதில் ஐயத்துக்கு இடமில்லை, நடுக்கமும் இல்லை. ரஹ்மானின் குரலோ கையை ஏந்திவிட்டவனுடைய குரல். கிடைக்குமோ, கிடைக்காதோ என்று அவனுக்கு இன்னும் தெரியாது. அந்த இறுக்கம் அதனால் வருவது. முன்னது அழைப்பு, பின்னது வேண்டுதல். சமுதாயத்துக்கு இரண்டும் தேவை.

மேலை நாட்டில் ‘சோல்’ என்று பெயர் பெற்ற இசையின் கதையும் இத்தகையதே. ‘சோல்’ என்றால் ஆன்மா. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் இறைஞ்சிப் பாடிய முறையை, 1950களில் ரே சார்ல்ஸ் போன்றோர் உலகியல் பாட்டுக்குள் கொண்டுவந்தனர். 1970களில் ஸ்டீவி ஒண்டர், தாமே எழுதி, தாமே பாடி, மின்னிசைக் கருவிகள் பலவற்றையும் தாமே இயக்கித் தம் இசைத்தட்டுகளை உருவாக்கினார். பார்வையற்ற அந்தக் கலைஞரின் கையில் மின்னிசைப் பலகை அழுதது, சிரித்தது. மின்சாரத்துக்கும் ஆன்மாவுக்கும் பகையில்லை என்பதை அவர்கள் முன்னரே காட்டிவிட்டனர். ரஹ்மான் அதையே நம் மண்ணில், கவ்வாலியையும் நாட்டுப்புறத்தையும் கொண்டு செய்தார்.

1997இல், விடுதலைப் பொன்விழாவை ஒட்டி வந்த ‘வந்தே மாதரம்’ தொகுப்பைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் தலையாய பாடல் இந்தியில் மண்ணுக்குச் ‘சலாம்’ கூறியது. தமிழில் ‘வணக்கம்’ கூறியது. தாளமும் கிதாரும் மின்னொலியும் அடுக்கடுக்காகப் பின்னே நிற்க, அந்தக் குரல் தன் எல்லைக்கு மேலே எட்டிப் பிடிக்க முயல்கிறது. தேசப் பாடல்களில் நாம் வழக்கமாகக் கேட்பது அணிவகுப்பின் மிடுக்கு. இதில் கேட்பது பிள்ளையின் கூவல். அதே தொகுப்பில் உஸ்தாத் நுஸ்ரத் ஃபதே அலி கானும் ரஹ்மானோடு பாடினார். பெருங்கடலின் முன் ஓடை நிற்பது போன்ற இடம். ஓடை தன்னைக் கடலாகக் காட்டிக்கொள்ள முயலவில்லை. அந்த அடக்கமே பாட்டைக் காத்தது. 1997 ஆகஸ்டு 16ஆம் நாள் நுஸ்ரத் மறைந்தார். 

2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தின் ‘வெள்ளைப் பூக்கள்’ இன்னொரு சான்று. ஈழப் போரின் நிழலில் நிகழும் கதை அது. வைரமுத்து எழுதிய அமைதி வேண்டும் பாட்டை, வலிய குரல் பாடியிருந்தால் அது மேடைப் பேச்சாகியிருக்கும். ரஹ்மான் தாழ்ந்த குரலில், தூங்கும் குழந்தையின் அருகில் பாடுவது போலப் பாடினார். கருவிகளும் ஒதுங்கி வழிவிட்டன. அந்தத் தாழ்ச்சியில்தான் பாட்டின் துயரம் தங்கியிருக்கிறது.

2008இல் ‘ஜோதா அக்பர்’ படத்துக்கு அவர் பாடிய ‘க்வாஜா மேரே க்வாஜா’, 2011இல் ‘ராக்ஸ்டார்’ படத்தில் ஜாவேத் அலி, மோஹித் சௌகான் ஆகியோருடன் பாடிய ‘குன் ஃபயகூன்’ ஆகியவை இவ்வரிசையின் சிகரங்கள். மரபான கவ்வாலியில் கைதட்டும் குழுவின் உச்ச ஒலி கேட்போரை எழுப்பி நிறுத்தும். ரஹ்மான் அந்த உச்சத்தைத் தணித்து, உள்முகமாக்கினார். பேரொலிக்கு வசதியுள்ள கூடத்தைக் கட்டிய ஒருவர், அதைச் சற்றுக் குறைத்துப் பாடுகிறார் என்பதைக் கவனியுங்கள். கருவியை ஆளுதல் என்பது இதுதான்.

இரு குறைகள்

குணத்தைச் சொன்ன நாம் குற்றத்தையும் சொல்ல வேண்டும். 

முதற்குறை மொழியைப் பற்றியது. அவருடைய உலகறிந்த வேண்டுதற் பாடல்கள் இந்தியிலும் உருதுவிலும் அமைந்துள்ளன. உருது நம்முள் பலருக்கு வீட்டு மொழி. அதில் குறைகாண வரவில்லை. எனினும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நம் வீட்டுப் பிள்ளைகள், வேண்டுதலின் இனிமையை முதன்முதலாகப் பொருள் விளங்காத சொற்களில் அறிகின்றனர். ‘இறைவனை உருகிப் பாட நம் மொழியில் பாட்டில்லை போலும்’ என்ற எண்ணம் அவர்கள் நெஞ்சில் படிந்தால் அதற்குப் பொறுப்பு யார்? உதட்டசைவுக்கு ஏற்பச் சொல்லைப் பொருத்தும் மொழிமாற்றுப் பாடல்கள் இந்தக் குறையைத் தீர்க்க மாட்டா.

இல்லாமையால் வந்த குறையாயின் பொறுக்கலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் முதலாக நம்மிடம் செல்வம் குவிந்து கிடக்கிறது. 1792இல் பிறந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, சென்னையின் வடபகுதியிலே தவமிருந்து பாடியவர். பராபரக்கண்ணியும் எக்காலக்கண்ணியும் அவர் தந்தவை. அவர் பாடல்களில் ‘ரகுமான் கண்ணி’ என்றே ஒன்று உண்டு. இரண்டிரண்டு அடியாய், ஒரே விளியில் முடிந்து முடிந்து வரும் கண்ணி என்னும் வடிவம், தாளத்தை மீண்டும் மீண்டும் சுழற்றும் ரஹ்மானின் மின்னிசை முறைக்கு எத்துணை இயல்பாகப் பொருந்தும்! அந்தச் சித்தர் வாழ்ந்த இடத்துக்கும் கோடம்பாக்கத்து ஒலிக்கூடத்துக்கும் இடையே உள்ள தொலைவு சில கல் தூரமே. அஜ்மீருக்கும் தில்லிக்கும் சென்ற குரல் இந்தச் சில கல் தூரத்தையும் நடந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது. 1989இல் ‘தீன் இசை மாலை’யைத் தொடுத்த கை அது. அப்போது அவரிடம் புகழும் இல்லை, பொருளும் இல்லை. இரண்டும் வந்தபின் தமிழில் அந்த வழி அகலவில்லை என்பதே நம் மனக்குறை.

குற்றம் முழுவதும் அவர் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. ஹனீபாவுக்குப் பின் நம் மேடைகள் பெரும்பாலும் அவர் மெட்டுகளையே திருப்பிப் பாடிக்கொண்டிருந்தன. மஸ்தான் சாகிபின் பாடல்களை நாம் நூலகத்து அலமாரியில் வைத்துப் பூட்டினோம். கேட்பவர் இல்லாத கடையில் சரக்கு வந்து இறங்காது.

இரண்டாம் குறை இயந்திரத்தைப் பற்றியது. 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில், மறைந்த இரு பாடகர்களின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ரஹ்மான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். ஒருவர் 2022 செப்டம்பரில் மறைந்த பம்பா பாக்யா. மற்றவர், கால் நூற்றாண்டுக்கு முன்னரே சாலை விபத்தில் மறைந்த ஷாகுல் ஹமீது. ‘ராசாத்தி’ பாடிய அவரேதான். குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதையும், உரிய ஊதியம் வழங்கியதையும் ரஹ்மான் வெளிப்படையாக அறிவித்தார். கேளாமலே குரலைக் களவாடும் காலத்தில் இது பாராட்டத்தக்க நேர்மை. சட்டமும் நாணயமும் அவர் பக்கமே என்பதில் ஐயமில்லை.

ஆனால் கலையின் கேள்வி அதோடு முடிவதில்லை. ‘ராசாத்தி’ பாடலில் ஷாகுல் ஹமீதின் மூச்சு இருக்கிறது. அந்த இரவில் அவர் எந்தச் சொல்லை நீட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று தாமே முடிவு செய்தார். 2024இன் பாடலில் இருப்பது அவர் குரலின் நிறம், முடிவு பிறருடையது. மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் நின்றுவிடுகின்றன என்றும், நிலைத்த தருமமும் பயன்தரும் கல்வியும் அவனுக்காக இறைஞ்சும் நற்பிள்ளையுமே எஞ்சுகின்றன என்றும் நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. ஷாகுல் ஹமீது பாடிச் சென்றவை அவர் விட்டுச் சென்ற செல்வம். அவர் பாடாத ஒன்றை அவர் பெயரில் எழுதுவது அந்தச் செல்வத்தைப் பெருக்குவதாகாது.

இயந்திர இசையில் உயிரில்லை என்று பழித்தவர்களுக்கு ரஹ்மான் தம் சொந்தக் குரலால் 30 ஆண்டுகள் விடை கூறி வந்தார். அந்த விடையின் சாரம் என்ன? எத்தனை கருவி அடுக்கினாலும் முன்னே ஒரு மனிதன் நின்று, தன் குறையோடு, தன் தொண்டை இறுக்கத்தோடு, கேட்க வேண்டும் என்பதே. குரலின் பிசிறுகளை எல்லாம் கணினி திருத்தித் தரும் இந்நாளில், தம் பிசிறுகளோடு பாடிய பாடல்களாலேயே அவர் நெஞ்சில் நிற்கிறார். அப்படிப்பட்டவர், கேட்பவன் இல்லாமலே வேண்டுதல் ஒலிக்கும் வழியைத் திறந்துவைப்பது தம் விடையைத் தாமே மறுப்பதாகும். தொழில்நுட்பத்தை அஞ்ச வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. லேத்தின் முன் ஆள் நிற்க வேண்டும் என்கிறோம். அம்பத்தூர்த் தொழிலாளியும் அதையே சொல்வார்.

முடிவாக

ஆகவே நம் தீர்ப்பு இது. ‘உயிரில்லை’ என்ற வழக்கு, ‘வெள்ளைப் பூக்கள்’ பாடலின் முன்னும் ‘க்வாஜா மேரே க்வாஜா’வின் முன்னும் நிற்காது, தள்ளுபடி செய்யலாம். ஆயினும் தமிழ் முனாஜாத்துக்கு அவர் தர வேண்டிய பங்கு நிலுவையில் உள்ளது. அதை வசூலிக்கும் உரிமை, தமிழில் இறைஞ்சத் தெரிந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. பெற்றோர் ஒன்று செய்யலாம். பிள்ளைகள் ‘குன் ஃபயகூன்’ கேட்கும் மாலையில், மஸ்தான் சாகிபின் கண்ணிகளில் நான்கைப் பொருளோடு அவர்களுக்குப் படித்துக் காட்டலாம். கேட்கும் செவிகள் பெருகினால், கோடம்பாக்கத்து ஒலிக்கூடத்தில் ஒருநாள் அந்தக் கண்ணிகளும், இயந்திரங்கள் சூழ, ரஹ்மானின் அந்த இறுகிய தொண்டையிலேயே ஒலிக்கக்கூடும்.